கப்பல் ஏறும் முன் உயில்: வாய்ச்சொல் போதுமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் வெல்டராக இருந்தேன். இப்போது சரக்குக் கப்பலில் ஃபிட்டர் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்பது மாத ஒப்பந்தம், செங்கடல் வழியாகப் போகும் கப்பல். இன்னும் இரண்டு வாரத்தில் கிளம்ப வேண்டும். நான் சம்பாதித்து வாங்கிய வீடு மனைவிக்கே போகவேண்டும் என்பது என் விருப்பம். "கடலில் இருக்கிறவன் வாயால் சொன்னாலே உயில்தான்" என்கிறார் மாமா. நம்பலாமா?

பதில்: நீங்கள் இந்து என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்: நம்ப வேண்டாம். கிளம்பும் முன்பே எழுதிவிடுங்கள்.

மாமா சொல்லும் சட்டம் இருப்பது உண்மைதான். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 65, 66ஆம் பிரிவுகள் கடலில் இருக்கும் மாலுமிக்குச் சலுகை தருகின்றன. தன் கையால் முழுக்க எழுதினால் கையெழுத்தோ சாட்சியோ இல்லாமலேயே செல்லும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் முன்னால் வாயால் சொன்னாலும் செல்லும். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது சற்று நேரம் கரையில் இறங்கியவரையும் கடலில் இருப்பவராகவே அந்தச் சட்டம் கருதுகிறது.

இது இங்கிலாந்திலிருந்து வந்த ஏற்பாடு. 1677லேயே அங்கே படைவீரருக்கும் மாலுமிக்கும் இந்த விலக்கு இருந்தது. கப்பல் தச்சர்களும் பாய் தைப்பவர்களும் புறப்படும் முன் உயில் எழுதி வைப்பது அந்தக் காலத்தில் அங்கே வழக்கம். வரவேண்டிய சம்பளப் பாக்கியை மனைவி போய் வாங்க அந்தக் காகிதம் வேண்டும். வாய்ச்சியும் உளியும் கிடக்கும் கருவிப் பெட்டியும் ஒரு தச்சருக்குச் சொத்துதானே. சட்டம் சலுகை தந்த பிறகும் அவர்கள் கரையிலேயே எழுதிவிட்டுப் போனார்கள் என்பதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

சரி, உங்களுக்கு ஏன் பொருந்தாது? அதே சட்டத்தின் 57, 58ஆம் பிரிவுகளும் மூன்றாம் அட்டவணையும் இந்துக்களுக்கு எந்தெந்தப் பிரிவு பொருந்தும் என்று வரையறுக்கின்றன. அந்தப் பட்டியலில் 65ம் இல்லை, 66ம் இல்லை. பௌத்தர், சீக்கியர், சமணருக்கும் இதே நிலைதான். உங்களோடு பயணிக்கும் கிறிஸ்தவ நண்பருக்குச் சலுகை உண்டு. ஆனால் அவர் வாயால் சொன்ன உயிலும், பயணம் முடிந்து கரை சேர்ந்தால், ஒரு மாதத்தில் செல்லாமல் போகும். முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம்.

உயில் இல்லாவிட்டால் வீடு மனைவிக்கு மட்டும் போகாது. பிள்ளைகளுக்கும், உயிரோடு இருந்தால் உங்கள் அம்மாவுக்கும் சம பங்கு உண்டு. கப்பல் ஒப்பந்தத்தில் நெருங்கிய உறவினர் என்று மனைவி பெயரைப் போட்டதாலும் வீடு அவருக்கு ஆகிவிடாது.

சாதாரணத் தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். கதவு எண், சர்வே எண், பத்திர எண்ணோடு வீட்டைக் குறிப்பிடுங்கள். அப்புறம் சாட்சி விஷயம். பல உயில்கள் வழக்கில் அடிபடுவது இங்கேதான். இரண்டு பேரும் நீங்கள் கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், உங்கள் எதிரிலேயே தாங்களும் போட வேண்டும். "நான் போட்டுவிட்டேன், நீ சாயங்காலம் போட்டுக்கொடு" என்று தாளை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். மனைவியைச் சாட்சியாக வைக்க வேண்டாம். உங்களைவிட வயதில் இளைய, உள்ளூரிலேயே இருக்கும் இருவர் நல்லது. நாளைக்கு நீதிமன்றத்தில் வந்து சொல்ல ஆள் வேண்டும்.

பதிவு கட்டாயமில்லை. இருந்தாலும் இரண்டு வாரம் கையில் இருக்கிறது. சாட்சிகளோடு சார்பதிவாளர் அலுவலகம் போய்ப் பதிந்துவிடுங்கள். அசலைக் கப்பலுக்கு எடுத்துப் போகாமல் மனைவியிடம் கொடுங்கள்.