கியர் போடும்போது "கர்ர்ர்" என்று உரசுகிறது, கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆகணுமா?

ரிவர்ஸ் போடும்போதும், மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போதும் உரசுகிறது, மெக்கானிக் பாக்ஸை இறக்கச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். இரண்டு கியரிலும் உரசினால் நான் முதலில் சந்தேகப்படுவது கிளட்சைத்தான்.

இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு விழும். பிறகு ஸ்டார்ட் செய்து, சமதளத்தில் கிளட்சை முழுசாக மிதித்து நான்கைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் உரசினாலோ, முதல் கியரில் கிளட்ச் மிதித்தபடியே வண்டி மெல்ல நகர்ந்தாலோ, கிளட்ச் இன்ஜினை கியர் பாக்ஸிலிருந்து முழுசாக விடவில்லை. பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (பற்கள் சேரும் முன் வேகத்தைச் சமன்செய்யும் அமைப்பு) கிடையாது. அதனால் இந்தக் கோளாறு முதலில் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

கேபிள் கிளட்ச் என்றால் அட்ஜஸ்ட்மென்ட் பார்த்தாலே போதுமானதாக இருக்கலாம். ஹைட்ராலிக் என்றால் கிளட்ச் ஆயில் மட்டம் பாருங்கள், ஸ்லேவ் சிலிண்டரின் (ஆயில் அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளும் உருளை) ரப்பர் உறையை விலக்கி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். என் வண்டியில் அந்த ஈரம்தான் காரணம். சிலிண்டரை மாற்றி, ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றியதும் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது.

கிளட்ச் சரியாக இருந்து, இரண்டாவது கியர் மட்டும் உரசினால் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கும். அந்தப் பித்தளை வளையத்தின் உள்பக்கம் மெல்லிய வரிகள் இருக்கும். கியரின் கூம்பில் படிந்த ஆயில் படலத்தை அறுத்துப் பிடித்து, வேகத்தைச் சமன்செய்வது அவைதான். வரிகள் மழுங்கினால் வளையம் வழுக்கும், பற்கள் வேகம் சேராமலே மோதும். நாளாக நாளாகப் பற்களின் கூர்முனையும் உருண்டுவிடும், அப்புறம் கியரே தானாக வெளியே வரத் தொடங்கும். இந்த நிலையில்தான் பாக்ஸ் இறக்குவதற்கு நியாயம் உண்டு.

கியர் ஆயிலையும் கேளுங்கள். கையேடு ஜிஎல்-4 என்ற தர ஆயிலைச் சொல்லியிருக்க, கடையில் கிடைத்த ஜிஎல்-5 ஊற்றியிருந்தால் சிங்க்ரோ சரியாகப் பிடிக்காமல் போகலாம். சில ஜிஎல்-5 ஆயில்களில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளையையும் அரிக்கும். வடித்துவிட்டு சரியானதை ஊற்றுவது பாக்ஸ் இறக்கும் கூலியோடு ஒப்பிட்டால் சில்லறைச் செலவு.

இதெல்லாம் பார்த்து முடியும்வரை இரண்டாவது கியருக்கு டபுள் கிளட்ச் போட்டு இறக்குங்கள்: மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு லேசாக ஆக்சிலரேட்டர், மறுபடி மிதித்து இரண்டு. உரசும்போது லீவரை அழுத்திப் பிடிக்கவே கூடாது.