பருவகாலங்கள் ஏன் மாறுகின்றன? அதில் நிலவுக்குப் பங்கு உண்டா?

பூமி சூரியனை நெருங்கினால் கோடை, விலகினால் குளிர் என்பது சரியா, மலேசியாவின் பினாங்கில் மட்டும் ஏன் ஆண்டு முழுவதும் வெயில், நிலவு இதில் என்ன செய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பினாங்கில் இருப்பதால் இங்கே கண்ணில் படுவதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் அந்தத் தூரக் கணக்கை மறந்துவிடுங்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டரில், வருவது ஜனவரி முதல் வாரத்தில். லண்டன் குளிரில் நடுங்கும் நேரம் அது. மிகத் தொலைவில், 15.2 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜூலையில். பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதுதான். ஜூனில் வடபாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும், டிசம்பரில் தென்பாதி. சாய்ந்த பக்கத்தில் வெயில் நேராக இறங்கும், பகலும் நீளும்.

பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5.4 பாகையில்தான் இருக்கிறது. இங்கே டிசம்பர் நண்பகலில்கூட சூரியன் 61 பாகை உயரத்தில் நிற்கும். லண்டனின் உச்சக் கோடையிலேயே அது 62 பாகையைத்தான் எட்டுகிறது. நமக்கு மிகத் தாழ்ந்த வெயில், அவர்களுக்கு மிக உயர்ந்த வெயில்!

சாய்வைக் கண்ணால் பார்க்க ஆசையா? ஏப்ரல் 3, 4 அல்லது செப்டம்பர் 8, 9 தேதிகளில் மதியம் 1.20 மணி அளவில் திடலில் ஒரு தண்ணீர்ப் போத்தலை நிறுத்தி வையுங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கிப் போத்தலின் அடிக்குள் போய்விடும். (12 மணிக்குப் போய் நிற்காதீர்கள். 1982 முதல் நம் கடிகாரம் நமக்கு வெகு கிழக்கே உள்ள இடத்தின் நேரத்தைக் காட்டுகிறது.) ஜூனில் அதே இடத்தில் நண்பகல் நிழல் தெற்கே விழும், டிசம்பரில் வடக்கே.

நமக்குப் பருவம் என்றால் காற்றும் மழையும்தான். அதுவும் இதே சாய்வின் விளைவு. டிசம்பரில் ஆசியப் பெருநிலம் குளிர்ந்து, அங்கிருந்து தெற்கே வீசும் வடகிழக்குக் காற்று கிழக்குக் கரையில் உள்ள கிளந்தானில் மழையைக் கொட்டிவிடுகிறது. மலைத்தொடருக்கு இப்பால் இருக்கும் நமக்கு ஜனவரி, பிப்ரவரியில் வறண்ட வெயில். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு வெறுங்காலில் நடந்தவர்களுக்கு அந்தத் தார்ச்சாலையின் சூடு தெரியும்.

இனி நிலவு. இங்குள்ள ஜெட்டிகளில், அதாவது பழைய படகுத்துறைகளில், கடலுக்குள் மரத்தூண்கள் மேல் நிற்கும் வீடுகளுக்கு அடியில் எட்டிப் பாருங்கள். தூண்களில் ஓர் உயரம் வரை சிப்பி ஒட்டியிருக்கும், அதற்கு மேல் மரம் சுத்தமாக இருக்கும். கடல் பெருகி எட்டும் உயரத்தை அந்த எல்லை காட்டிக்கொடுக்கும். கடல் பெருகுவதும் வற்றுவதும் முக்கியமாக நிலவின் இழுப்பால் வருபவை. சூரியனின் பங்கு நிலவின் பங்கில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் பெருக்கு அதிகம்.

பருவத்தை நிலவு உண்டாக்குவதில்லை. ஆனால் அச்சின் சாய்வு அதிகம் மாறாமல் பிடித்து நிறுத்துகிறது. பூமியின் சாய்வு சுமார் 41,000 ஆண்டுகளில் 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையில்தான் அசைகிறது. பெரிய நிலவு இல்லாத செவ்வாயில் சாய்வு நீண்ட காலப்போக்கில் தாறுமாறாக மாறியிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இனி சொல்லப்போவதுதான். நடுப்பகுதி சற்றுப் பருத்த பூமியை நிலவும் சூரியனும் இழுப்பதால், அச்சு பம்பரத்தின் தலையைப்போல மெல்லச் சுழல்கிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 26,000 ஆண்டுகள். நம் பஞ்சாங்கம் விண்மீன்களை வைத்து மாதத்தைக் கணிக்கிறது, பருவமோ அச்சின் திசையைப் பொறுத்தது. ஆகவே ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் இரண்டும் விலகிக்கொண்டே போகின்றன. சூரியன் வடக்கே திரும்புவது இப்போது டிசம்பர் 21 அல்லது 22. உத்தராயணத் தொடக்கமாக நாம் கொண்டாடும் தைப்பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இவை கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வந்தன. இடையே விழுந்திருக்கும் அந்த மூன்று வாரத்துக்கும் மேற்பட்ட இடைவெளியில் பெரும்பங்கு நிலவின் வேலை.