வெள்ளைப் பந்து நிற்கும் இடம்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் வேலை பார்க்கும் நான், வார இறுதிகளில், கோலால் பந்துகளை அடித்து மேசையோரக் குழிகளில் (பாக்கெட்) வீழ்த்தும் பாக்கெட் பில்லியர்ட்ஸ் ஆடிப் பழகி வருகிறேன். அமெரிக்க ஆட்டக்காரர் வில்லி மாஸ்கோனி 64 வயதில் ஆடிய பதிவும், பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர் எஃப்ரென் ரேயஸின் அண்மைக்கால ஆட்டங்களும் எனக்கு வருத்தத்தையே தந்தன. எளிய பந்துகள்கூடத் தவறுகின்றன. ஒருவரை அவருடைய உச்சத்தில் பார்த்ததோடு நிறுத்திக்கொள்வதுதானே மரியாதை? ஊரில் கேரம் ஆடிய என் அப்பாவோ இவற்றைத்தான் விரும்பிப் பார்க்கிறார்.

பாலக்கோடு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆயினும் நான் உங்கள் அப்பாவின் பக்கமே நிற்கிறேன்.

மாஸ்கோனியின் மிகப் புகழ்பெற்ற ஆட்டத்தைப் பார்க்க நமக்கு வழியில்லை. 1954 மார்ச்சில் ஒஹாயோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் அவர் தொடர்ந்து 526 பந்துகளை வீழ்த்திய ஆட்டத்துக்குப் படப்பதிவு கிடையாது. நேரில் கண்டவர்கள் கையொப்பமிட்ட சான்றுதான் இருக்கிறது. 1956இன் இறுதியில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. நீங்கள் பார்த்திருப்பது, 1978 பிப்ரவரியில் நியூயார்க்கில் மினசோட்டா ஃபேட்ஸ் என்பவரோடு தொலைக்காட்சிக்காக அவர் ஆடியதாக இருக்க வேண்டும். அதில் வென்றவர் மாஸ்கோனி என்பதை உங்கள் கடிதம் சொல்லாமல் விட்டுவிட்டது.

வயது முதலில் கண்ணைத்தான் தொடுகிறது. கோலை ஒட்டித் தலையைத் தாழ்த்தும்போது பார்வை மூக்குக்கண்ணாடியின் மேல்விளிம்புக்குப் போய்விடுவதால், தொலைவில் இருக்கும் பந்தின் ஓரம் தெளிவாகத் தெரிவதில்லை. 1985இல் ஸ்னூக்கர் உலகப் பட்டம் வென்ற டென்னிஸ் டெய்லர் உயரமான சட்டமிட்ட கண்ணாடி அணிந்து ஆடியதற்குக் காரணம் இதுவே. மேசையின் மீது நீண்டு படுத்து அடிப்பதற்கு இடுப்பும் முழங்காலும் ஒத்துழைப்பதில்லை. ஆகவே முதிய ஆட்டக்காரர், நீண்ட தூர அடி தேவைப்படும் நிலையே வராதபடி, அடுத்த பந்துக்கு இரண்டு சாண் தொலைவில், கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்தைக் கொண்டுவந்து நிறுத்தப் பார்க்கிறார். இளமையில் வெள்ளைப் பந்து தவறான இடத்தில் நின்றாலும் கையின் வலிமை அதைச் சரிசெய்துவிடும். நாம் அந்த வீரத்தைக் கண்டு கைதட்டுகிறோமே தவிர, அதற்கு முந்தைய பிழையைப் பார்ப்பதில்லை. அந்த வலிமை குறைந்த பிறகு ஆட்டத்தைத் தாங்குவது திட்டம் ஒன்றுதான், அதுவும் நம் கண்ணுக்குத் தெரியும்படி.

மாஸ்கோனி பேர்பெற்ற, 14.1 எனப்படும் பாக்கெட் பில்லியர்ட்ஸ் வகையில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். 15 பந்துகளில் 14ஐ வீழ்த்திய பின், எஞ்சிய ஒன்றை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, அந்த 14ஐயும் மீண்டும் முக்கோணமாக அடுக்குவார்கள். எஞ்சிய பந்தை வீழ்த்தும் அதே அடியில் வெள்ளைப் பந்து அந்த அடுக்கில் மோதி அதைக் கலைக்க வேண்டும். கடைசிக்கு எந்தப் பந்தை விடுவது என்று நான்கைந்து பந்துகளுக்கு முன்பே அவர் முடிவுசெய்திருப்பார்.

ரேயஸைப் பொறுத்தவரை, 1995இல் ரீனோ நகரில் எர்ல் ஸ்டிரிக்லண்டுக்கு எதிராக வெள்ளைப் பந்தைக் குஷன்களில் (மேசையின் உள்விளிம்புகளில்) மோதவிட்டு இசட் வடிவில் ஓட்டிய அடியை எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். அது பார்க்க வேண்டியதுதான். ஆனால் 2022இல் ஹனோயில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில், 67 வயதில், ஒரு குஷன் கேரம் பில்லியர்ட்ஸில் அவர் வெண்கலம் பெற்றார். இது நம் கேரம் போர்டு அல்ல, கோலால் ஆடும் பில்லியர்ட்ஸின் இன்னொரு வகை. அந்த மேசையில் பாக்கெட்டே கிடையாது. தன் பந்து செல்லும் பாதையைக் கணிப்பதுதான் முழு ஆட்டமும். முதுமையில் அவரிடம் எது தங்கியிருக்கிறது என்று இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல இயலாது.

நம் தருமபுரித் தெருக்களின் கேரம் போர்டிலும் எந்தக் காயை முதலில் எடுப்பது, எதைக் கடைசிக்கு விடுவது என்பதுதான் கணக்கு. உங்கள் அப்பா அந்தக் கணக்கைப் படிக்கிறார் என்று எண்ணுகிறேன். ஆனால் கேரமில் ஸ்ட்ரைக்கரை ஒவ்வொரு முறையும் கோட்டில் புதிதாக வைத்துக்கொள்ளலாம். வெள்ளைப் பந்தை அது நின்ற இடத்திலிருந்தே அடித்தாக வேண்டும். அந்தப் பாதியை நீங்கள் அவருக்குச் சொல்லலாம். அடுத்த முறை அவரோடு அமர்ந்து, ஒவ்வொரு அடிக்கும் முன்னால் படத்தை நிறுத்துங்கள். எந்தப் பந்து என்று அவர் சொல்லட்டும், வெள்ளைப் பந்து எங்கே நிற்கும் என்று நீங்கள் சொல்லுங்கள். பிறகு படத்தை ஓடவிடுங்கள்.