கெமரா தெரியாமல் விளையாட்டு ஒளிபரப்பில் மேலே வரலாமா?

தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: “முகாமைத்துவப் பட்டம் முடித்துவிட்டேன். விளையாட்டை நேரலையாகத் தரும் தொலைக்காட்சியில் நிறைவேற்று அதிகாரியாக வர ஆசை. கெமரா பிடிக்கத் தெரியாது, கிரிக்கெட் ஆடியதும் இல்லை. என்ன படிப்பது, எங்கே தொடங்குவது?”

கெமரா தெரியாதது ஒரு குறையே இல்லை, தங்கச்சி. எந்தப் படம் போக வேண்டும், எப்போது ரீப்ளே என்பதெல்லாம் மைதானத்தில் நிற்கும் ஓபி வேனுக்குள், அதாவது ஒளிபரப்புக் கருவிகள் ஏற்றிய வண்டிக்குள், இருக்கும் இயக்குநரின் பாடு. நீங்கள் ஆசைப்படும் பதவியில் இருப்பவர் போட்டியைக் காட்டும் உரிமையை வாங்குகிறார். அதற்குக் கொடுத்த காசை விளம்பரத்திலும் சந்தாவிலும் திரும்ப எடுக்கிறார். நடுவில் எது பிழையாகப் போனாலும் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

நம்ம கண்டிப் பக்கத்துப் பல்லேகலை மைதானத்தையே பாருங்கள். 2023 செப்டம்பர் 2, ஆசியக் கிண்ணம், இந்தியாவும் பாகிஸ்தானும். இந்தியா 266 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. அப்புறம் மழை விடவே இல்லை. பாகிஸ்தான் ஒரு பந்துகூட ஆடவில்லை. ரசிகருக்கு அது ஏமாற்றம், அதோடு சரி. ஒளிபரப்புக்காரருக்கு அங்கேதான் வேலை ஆரம்பிக்கும். ஒருநாள் போட்டியில் விளம்பரம் அதிகம் போவது ஓவர் முடியும்போதும் விக்கெட் விழும்போதும். ஒரு இன்னிங்ஸ் நடக்காவிட்டால் 50 ஓவரின் இடைவெளிகளும் கையை விட்டுப் போகும். அந்த இடங்களை வாங்கிய கம்பனிக்குக் காசைத் திருப்பிக் கொடுப்பதா, வேறு போட்டியில் இடம் தருவதா? மழை நேரத்தில் பழைய ஆட்டத்தைப் போட்டு நடுவில் காட்டிய விளம்பரம் கணக்கில் சேருமா? இதற்கெல்லாம் பதில் ஒப்பந்தத்தில் முன்பே எழுதியிருக்க வேண்டும். மழை பெய்த பிறகு பேச உட்கார்ந்தால் சண்டைதான் மிஞ்சும்.

அதே தொடரில் இரு அணிகளும் 10ஆம் திகதி கொழும்பில் மறுபடி மோதியபோது, மேலதிக நாள் ஒன்றை ஒதுக்கியிருந்தார்கள். ஆட்டம் மழையில் நின்று, மறுநாள்தான் முடிந்தது. பார்ப்பவருக்கு நல்லது. ஆனால் மறுநாளுக்குப் போட்டிருந்த நிகழ்ச்சிகளை எடுக்கவும், ஆட்களையும் செய்மதி நேரத்தையும் பிடித்து வைக்கவும் யாரோ முன்கூட்டியே முடிவெடுத்திருக்க வேண்டுமல்லவா?

ஆகவே படிப்பில் ஒப்பந்தச் சட்டத்தையும் கணக்கியலையும் முதலில் வையுங்கள். உரிமை ஒப்பந்தம் ஒன்றைப் படிக்கும்போது எந்த நாட்டுக்கு, எந்த மொழியில், டிவிக்கா இணையத்துக்கா, மறுஒளிபரப்பு எத்தனை தடவை என்று பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். 2023 முதல் 2027 வரைக்கான ஐபிஎல் உரிமைகள் மொத்தம் 48,390 கோடி இந்திய ரூபாய்க்குப் போயின. அதில் இந்தியத் துணைக்கண்டத்துக்கான தொலைக்காட்சி உரிமையை ஒரு நிறுவனமும் இணைய உரிமையை இன்னொன்றும் வாங்கின. ஒரே ஆட்டம்தான், இரண்டு சரக்காக விலைபோனது.

முதல் வேலைக்கு, விளம்பரங்களை நேர அட்டவணையில் போடும் பிரிவில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். மைக் பிடிக்கத்தான் நிறையப் பேர் வருகிறார்கள், இந்த மேசையை மதிப்பதில்லை. என்னைக் கேட்டால், எந்த நிமிடத்துக்கு என்ன விலை என்பது இங்கே தெரிவது போல வேறெங்கும் தெரியாது. சிங்களத்தில் விளம்பரதாரரோடு பேசி, ஆங்கிலத்தில் ஒப்பந்தம் படித்து, தமிழ் நேயருக்கு என்ன பிடிக்கும் என்றும் சொல்லக்கூடிய மலையகப் பிள்ளைக்கு இந்தத் துறையில் இடம் உண்டு. தமிழ் வர்ணனையைக் கடைசியில் யோசிக்கிற பழக்கத்தை உள்ளே இருந்து மாற்ற அப்படி ஒருவர் கட்டாயம் வேண்டும்.

பழக ஊரிலேயே வழி இருக்கிறது. கண்டி திரித்துவக் கல்லூரியும் கொழும்பு ரோயலும் ஆடும் பிராட்பி கேடய ரக்பி இரண்டு ஆட்டம். இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் வெற்றி. முதல் ஆட்டத்தில் ஒரு பக்கம் பெரிய வித்தியாசத்தில் வென்றுவிட்டால், இரண்டாவது ஆட்டத்தின் விளம்பரத்தை எப்படி விற்பீர்கள்? உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். தோட்டத்துக் கால்பந்துப் போட்டி ஒன்றை ஃபோனில் நேரலையாகக் கொடுத்து, டவுன் கடைக்காரர் இரண்டு பேரிடம் எழுத்தில் விளம்பரம் வாங்குங்கள். நேர்முகத் தேர்வில் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

இன்னொன்று: வேலை பெரும்பாலும் கொழும்பில்தான், அதுவும் இரவிலும் வார இறுதியிலும். போர்டிங் செலவைக் கழித்துச் சம்பளத்தைப் பாருங்கள். இரவு ஆட்டம் முடிந்து வீடு திரும்ப வாகனம் தருவார்களா என்பதை, சேர்வதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.