99 ரூபாய் டொமைனுக்கு 1,700 ரூபாய் ரினிவலா?

கேள்வி: வீட்டிலிருந்தே சேலை விற்கிறேன். போன வருடம் 99 ரூபாய் ஆஃபரில் ஒரு டாட் காம் டொமைன், அதாவது என் தளத்துக்கான இணையப் பெயர், வாங்கினேன். இப்போது புதுப்பிக்க வரியோடு 1,700 ரூபாய் கேட்கிறார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா? இந்த விலையைக் கட்டுப்படுத்த ஆளே கிடையாதா?

பதில்: ஆள் உண்டு, ஆனால் நீங்கள் பணம் கட்டும் இடத்தில் இல்லை. டாட் காம் பெயர்கள் அத்தனையையும் வைத்து நடத்துவது வெரிசைன் என்ற ஒரே ஒரு அமெரிக்க நிறுவனம். அதை ரெஜிஸ்ட்ரி என்பார்கள். உங்களுக்கு விற்றவர் ரெஜிஸ்ட்ரார், அதாவது வெரிசைனிடம் மொத்த விலை கொடுத்து எடுத்து நம்மிடம் சில்லறையில் விற்பவர். உச்சவரம்பு இருப்பது அந்த மொத்த விலைக்கு மட்டும்தான். அதுவும் 2012லிருந்து 7.85 டாலரில் நின்றிருந்தது. 2018ல் அமெரிக்க வணிகத் துறை வெரிசைனோடு உள்ள ஒப்பந்தத்தைத் திருத்தி, ஒவ்வொரு ஆறு வருடத்திலும் கடைசி நான்கு வருடம் ஆண்டுக்கு 7 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. வெரிசைன் அந்த நான்கில் ஒன்றைக்கூட விடவில்லை. 2021ல் தொடங்கி 2024 செப்டம்பரில் 10.26 டாலருக்குக் கொண்டுவந்து நிறுத்தியது.

அதை ரூபாயில் போட்டு, மேலே 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்தால் ஆயிரத்தைத் தொட்டுவிடும். ஆக 99 ரூபாய் என்பது அவர்கள் கைக்காசு போட்டு உங்களை உள்ளே இழுத்த விலை, போட்ட காசை இப்போது எடுக்கிறார்கள். பிடிக்கவில்லை என்றாலும் இது மட்டும் மோசடி ஆகாது. உலக அளவில் டொமைன் விதிகளை வகுக்கும் ஐகான், 1998ல் கலிஃபோர்னியாவில் பதிவான லாபநோக்கற்ற அமைப்பு. ரெஜிஸ்ட்ரார்களோடு போடும் ஒப்பந்தம்தான் அதன் பிடி. சில்லறை விலை அந்த ஒப்பந்தத்தில் வராது.

அப்புறம் அந்த ஒப்பந்தத்தால் நமக்கு என்ன லாபம் என்றால், கடையை விட்டு வெளியேறும் உரிமை. விலைக் கட்டுப்பாட்டை விட இதுதான் பெரிய விஷயம், ஆனால் பாதிப் பேர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. பதிவு செய்து 60 நாள் தாண்டிவிட்டால் உங்கள் டொமைனை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆத் கோடு என்று ஒரு ரகசியக் குறியீடு வேண்டும், கேட்ட 5 நாளுக்குள் இப்போதைய ரெஜிஸ்ட்ரார் அதைத் தந்தாக வேண்டும். அடுத்த வருடத்துக்கான பணம் கட்டவில்லை என்று சொல்லித் தடுக்க முடியாது. டாட் காமில் மாற்றும்போது நீங்கள் புதிய கம்பெனிக்குக் கட்டும் பணத்துக்கு ஒரு வருடம் கூடுதலாகச் சேர்ந்துவிடும், ஏற்கெனவே மிச்சமிருக்கும் நாட்கள் வீணாகாது. ரினிவல் 1,100, 1,200 ரூபாயில் முடிகிற இடங்கள் இருக்கின்றன. புது ஆளுக்கு என்ன ஆஃபர் என்று பார்க்காமல் இரண்டாம் வருட விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அந்த விலை, காலாவதியான பிறகு மீட்கும் விலை இரண்டையும் வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்பதும் ஐகான் விதிதான், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், தேடுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். மாற்றுவதற்கு முன்னால் உரிமையாளர் பெயரையோ மின்னஞ்சலையோ திருத்தப் போகாதீர்கள், அதற்கே 60 நாள் பூட்டு விழலாம். கடைசி நாள் வரை இழுத்தடிக்கவும் வேண்டாம். காலாவதியாகி, அவர்கள் அழித்த பிறகு மீட்க 30 நாள் தருவார்கள், ஆனால் அதற்கான கட்டணம் ரினிவலைப் போலப் பல மடங்கு. ஆத் கோடு தராமல் இழுத்தால் ஐகான் தளத்திலேயே புகார் படிவம் இருக்கிறது. நீங்கள் கேட்காத சேவையைக் கூடையில் தானாகச் சேர்த்திருந்தார்கள் என்றால் அது வேறு கதை: 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் அது தடை செய்யப்பட்ட உத்தி, 1915க்கு போன் செய்து நுகர்வோர் உதவி மையத்தில் பதியலாம்.

கேள்வி: எங்கள் மெஸ்ஸுக்கு வெப்சைட் செய்து தந்த தம்பி டாட் இன் டொமைனைத் தன் பெயரிலேயே பதிந்திருக்கிறார். பணம் கட்டியது நாங்கள். இப்போது 25,000 ரூபாய் கொடுத்தால்தான் தருவேன் என்கிறார்.

பதில்: யார் பணம் கட்டினார் என்பது பதிவேட்டில் இருக்காது, யார் பெயர் என்பதுதான் இருக்கும். அதனால் ரெஜிஸ்ட்ராரிடம் போய் நின்றால் கைவிரிப்பார்கள். டாட் இன் என்பதால் ஐகானுக்கும் இதில் வேலை இல்லை, டாட் இன் பெயர்களை நடத்தும், டெல்லியில் உள்ள நிக்ஸி என்ற அமைப்புதான் பொறுப்பு. அவர்களிடம் ஐஎன்டிஆர்பி என்ற நடுவர் முறை இருக்கிறது: அந்தப் பெயரில் உங்களுக்கு உரிமை இருக்கிறது, அவருக்கு இல்லை, கெட்ட நோக்கத்தோடு பதிந்தார் அல்லது பயன்படுத்துகிறார், இந்த மூன்றையும் காட்ட வேண்டும். டிரேட்மார்க் வாங்கவில்லையே என்று பயப்பட வேண்டாம். சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004லேயே உச்ச நீதிமன்றம், டொமைன் பெயரும் வியாபாரப் பெயர் போலத்தான், பதிவு பெறாத பெயருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு இதற்கும் உண்டு என்று சொல்லிவிட்டது. பழைய பில், போர்டு போட்டோ, உணவு உரிமம், தம்பிக்குப் பணம் அனுப்பிய ரசீது எல்லாம் எடுத்து வையுங்கள். முதலில் வக்கீல் மூலம் ஒரு நோட்டீஸ், பெரும்பாலும் அதிலேயே இறங்கி வருவார்கள். ஐயாயிரம் கொடுத்து முடிகிற நிலை வந்தால், கௌரவம் பார்க்காமல் முடித்துவிடுங்கள் என்பது என் கருத்து, வக்கீல் செலவு அதைத் தாண்டிவிடும்.

கேள்வி: சின்ன கம்பெனியில் டொமைன் வாங்கினால், நாளைக்கு அவர்கள் கடையை மூடிவிட்டால்?

பதில்: நடந்திருக்கிறது. 2007ல் அமெரிக்காவில் ரெஜிஸ்டர்ஃபிளை என்ற ரெஜிஸ்ட்ரார் உள்சண்டையில் கவிழ்ந்தபோது வாடிக்கையாளர்கள் மாதக்கணக்கில் தவித்தார்கள், ஐகான் அங்கீகாரத்தை ரத்து செய்து, சுமார் 8,50,000 பெயர்களை கோடாடி என்ற இன்னொரு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றியது. அதற்குப் பிறகு ரெஜிஸ்ட்ரார்கள் வாடிக்கையாளர் தரவின் நகலை மூன்றாம் தரப்பிடம் ஒப்படைத்து வைப்பதைக் கண்டிப்பாக்கினார்கள். அதனால் அங்கீகாரம் பெற்ற கம்பெனி சின்னதாக இருந்தாலும் பெயர் போகாது. நீங்கள் வாங்கியது அங்கீகாரம் இல்லாத ரீசெல்லரிடம், அதாவது ஒரு ரெஜிஸ்ட்ராரிடம் எடுத்து மறுபடி விற்பவரிடம் என்றால், லுக்அப் டாட் ஐகான் டாட் ஆர்க் தளத்தில் உங்கள் டொமைனைத் தட்டிப் பாருங்கள், அவருக்குப் பின்னால் நிற்கும் உண்மையான ரெஜிஸ்ட்ரார் பெயர் அங்கே இருக்கும். ரீசெல்லர் போனை எடுக்காத நாளில் நீங்கள் எழுத வேண்டியது அவர்களுக்குத்தான்.