டவுன் வேலையும் நண்பர் வீடும்

அன்புள்ள ஐயா,

உறைபனி விழுந்த ஒரு தை மாத நாளில் குந்தாப் பக்கத்துக் கிராமத்திலிருந்து உதகைக்குச் சென்று, வங்கி வேலையும் மார்க்கெட் வேலையும் முடிந்தபின், காந்தலில் இருக்கும் நண்பரை முன்கூட்டிச் சொல்லாமலே போய்ப் பார்த்தது பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். எனக்கு இரண்டு ஐயங்கள். சொல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போவது இந்தக் காலத்தில் தொந்தரவு ஆகாதா? வேலைகளுக்கு நடுவே மிச்சமாகும் நேரத்தை நண்பருக்குக் கொடுப்பது அவரைக் குறைத்து மதிப்பது ஆகாதா? நான் கோவையில் வடவள்ளியில் வசிக்கிறேன். மாதந்தோறும் மருந்து வாங்க ஆர்.எஸ்.புரம் வருகிறேன். கல்லூரிக் காலத்து நண்பர் பூ மார்க்கெட் அருகில்தான் இருக்கிறார். ஒரு நாள் அவருக்கென்றே ஒதுக்கிப் போக வேண்டும் என்று நினைத்து நினைத்து, போகாமலேயே ஆண்டுகள் ஓடிவிட்டன.

இப்படிக்கு,
வடவள்ளி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கான விடையை உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் நீங்களே எழுதிவிட்டீர்கள். பார்ப்பதற்கென்றே குறிக்கும் நாள் ஓய்வையும் உடல்நலத்தையும் மனநிலையையும் ஒருசேரக் கேட்கிறது; மூன்றில் ஒன்று கூடாவிட்டாலும் அடுத்த மாதத்துக்குப் போய்விடுகிறது; இப்படியே தள்ளிப்போய், கடைசியில் யாராவது வீட்டுக் கல்யாணத்திலோ துக்கத்திலோ நான்கு வார்த்தை பேசுவதோடு முடிகிறது. நகைக்கடன் வட்டிக்கும் மருந்துச் சீட்டுக்கும் அந்தக் கதி நேர்வதில்லை. தள்ளிப்போட முடியாத ஒரு வேலையோடு சேர்த்துவிட்டால் நண்பரைப் பார்ப்பதும் தள்ளிப்போகாது என்பதே நான் நம்பிக் கடைப்பிடிக்கும் வழி.

எங்கள் பக்கத்துப் பனிக்காலம் இதற்குத் தானாகவே இடம் செய்து கொடுக்கிறது. டிசம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி வரை குளிரில் தேயிலையின் துளிர் குறைகிறது; இலை பறிப்பு குறைந்ததும், மழைக்காலம் முழுதும் தள்ளிவைத்த டவுன் வேலைகள் அத்தனையும் நினைவுக்கு வருகின்றன. நகைக்கடனைப் புதுப்பிக்க வேண்டும், கவாத்துக் கத்திக்குப் பிடி போட வேண்டும், மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டும், பேரப்பிள்ளைக்கு ஸ்வெட்டர் வாங்க வேண்டும். ஆனால் பகலோ குறுகியது. மேகமில்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட, குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளை விட்டு இறங்கிப் பள்ளங்களில் தேங்குவதால், மேட்டிலிருக்கும் எங்கள் தோட்டம் தப்பிய அதே இரவில் பள்ளத்தில் இருக்கும் முத்தோரை பாலாடாவின் காய்கறி வயல்கள் வெள்ளையாகக் கிடக்கும். அந்தப் பனி கரையும்வரை வயதானவர்கள் பேருந்துக்குக் கிளம்புவது உசிதமில்லை. மாலை நான்கு மணிக்கே குளிர் மீண்டும் இறங்கத் தொடங்கிவிடும். ஆக, பத்தரைக்கும் நான்குக்கும் இடையில்தான் உதகையில் எல்லாம் நடந்தாக வேண்டும்.

இந்த நெருக்கடிதான் நண்பரைச் சந்திப்பதற்கு நல்ல அளவைத் தருகிறது என்பேன். வங்கியில் வரிசை, பிறகு மார்க்கெட். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் வீட்டிலிருந்தே கொண்டுபோகும் துணிப்பைகள் இரண்டும் மதியத்துக்குள் நிறைந்துவிடும். அவற்றைத் தூக்கிக்கொண்டு காந்தலுக்குப் போய்ச் சேரும்போது மணி இரண்டரை ஆகியிருக்கும். ஊருக்குத் திரும்பும் பேருந்தின் நேரம் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எப்போது எழுந்து கிளம்புவார் என்று அவர் எண்ண வேண்டியதில்லை. எழுந்தால் வருத்தப்படுவாரோ என்று நான் தயங்க வேண்டியதில்லை. ஒரு நாள் முழுக்க உட்காரப் போகிறவர்கள் பேச்சை இழுத்துக்கொண்டே போவார்கள். ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது என்று அறிந்தவர்கள் முக்கியமானதை முதலில் சொல்லிவிடுவார்கள். மகளின் வேலை பற்றியும் மூட்டுவலி பற்றியும் அவர் என்னிடம் மனம் திறந்தது இப்படிப்பட்ட பிற்பகல்களில்தான்.

அவர் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1960இல் மத்திய அரசு உதகையில் தொடங்கிய அந்த நிறுவனம் திரைப்படச் சுருளும் எக்ஸ்ரே படச்சுருளும் செய்தது. இன்று அது இல்லை. ஒளிபட்டால் கெட்டுவிடும் மருந்தைப் படச்சுருளில் பூசும் கூடத்தில் இருட்டிலேயே வேலை செய்த பழக்கத்தால், உடன் வேலை செய்தவர்களைக் காலடி ஓசையிலும் இருமலிலும் அடையாளம் கண்டவர் அவர். படியில் பைகளை நான் இறக்கும் சத்தத்திலேயே உள்ளிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவருடன் வேலை செய்தவர்களில் பலர் பிழைப்பைத் தேடிக் கோவைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். பழைய பேச்சைப் பேச ஊரில் ஆள் குறைந்துபோன ஒரு மனிதருக்கு, ஆண்டுக்கொரு முறை விழா போல வந்து போகிறவரைக் காட்டிலும், கடன் கட்ட வந்த கையோடு எட்டிப்பார்க்கிறவர் அதிகம் தேவைப்படுகிறார். இதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இனி, சொல்லாமல் போவது பற்றி. இதில் உங்கள் கேள்வி நியாயமானது, அதை நான் லேசாகத் தள்ளிவிடப் போவதில்லை. முன்பெல்லாம் சொல்லாமல் வந்த விருந்தாளியின் சுமையைச் சுமந்தவர்கள் அந்த வீட்டுப் பெண்கள். வாசலில் ஆண்கள் ஆரவாரமாக வரவேற்க, உள்ளே ஒருத்தி அடுப்பை மறுபடி மூட்டினாள். இந்த வழக்கத்தைப் பழம்பெருமையாகப் பேசுகிறவர்கள் அவளை மறந்துவிடுகிறார்கள். அதனால்தான் நான் சாப்பாட்டு நேரத்தில் போவதில்லை. மார்க்கெட் அருகிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறேன். அவர் வீட்டில் ஒரு தேநீர், அதற்கு மேல் எதையும் ஏற்பதில்லை. அந்தத் தேநீரையும் பெரும்பாலும் அவரே போடுகிறார்.

அதைவிட முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. வாசலிலேயே திருப்பி அனுப்பும் உரிமை வீட்டுக்காரருக்கு முழுமையாக இருக்க வேண்டும். ஒருமுறை அவர் மனைவிக்குக் காய்ச்சல். கதவைப் பாதி திறந்து, "இன்னைக்கு வேண்டாம்ப்பா, அடுத்த தடவை வா" என்றார். அவருக்காகக் கொண்டுபோயிருந்த அவரைக்காயைக் கொடுத்துவிட்டு அடுத்த பேருந்தைப் பிடித்தேன். அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. இப்படிச் சொல்ல முடியாத, சொன்னால் மனம் சுளிக்கும் உறவுகளில் சொல்லாமல் போவது தவறு என்றே கருதுகிறேன். கைக்குழந்தை இருக்கும் வீடு, இரவுப் பணி முடிந்து பகலில் தூங்குகிறவர்கள் இருக்கும் வீடு, நெடுநாள் நோயாளி இருக்கும் வீடு ஆகியவற்றுக்கும் தொலைபேசியில் கேட்காமல் போகக் கூடாது.

உங்கள் நண்பரின் வீட்டு நிலவரம் இப்போது உங்களுக்குத் தெரியாது. ஆகவே முதல் முறை கேட்டுவிட்டே போங்கள். ஆனால் "உன்னைப் பார்க்க ஒரு நாள் வருகிறேன்" என்று சொல்லாதீர்கள். அது மறுபடியும் நாள் குறிக்கும் பேச்சாகிவிடும். மருந்து வாங்க வருகிற தேதியைச் சொல்லி, மாலை நான்கு மணிக்கு அரை மணி நேரம் வந்து போகலாமா என்று கேளுங்கள். மருந்துப் பையோடே போங்கள். மறுமாதம் சொல்லாமல் வரலாமா என்பதைக் கிளம்பும்போது அவரிடமும், அவர் வீட்டாரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.