இணையச் சேவையை விருதுக்கு அனுப்பும்போது எந்தக் கணக்கைக் காட்ட வேண்டும்?

கேள்வி: அரசுத் துறை ஒன்றின் இணையச் சேவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் சான்றிதழ் சேவையை விருதுக்கு அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு. தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், செயலியை எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற கணக்கு கையில் இருக்கிறது. இது போதுமா? எந்த விருதுக்கு முயலலாம்?

பதில்: போதாது. விண்ணப்பம் பாதியில் நின்றுபோய் ஒருவரே பத்துமுறை திரும்பி வந்தாலும் வருகைக் கணக்கு ஏறத்தான் செய்யும். விவரம் தெரிந்த நடுவர் முதலில் கேட்பது, தொடங்கியவர்களில் எத்தனை பேர் வேலையை முடித்தார்கள் என்பதைத்தான்.

பிரிட்டன் அரசு தன் இணையச் சேவைகளுக்கு நான்கு அளவுகோல்களை வைத்தது: விண்ணப்பத்தை முடித்தவர்களின் விகிதம், ஒரு விண்ணப்பத்துக்கு ஆகும் செலவு, பயனாளர் திருப்தி, நேரில் வராமல் இணையத்திலேயே முடிப்பவர்களின் பங்கு. இந்த நான்கையும் நீங்களும் எடுங்கள். இணையச் சேவை வருவதற்கு முன் சான்றிதழ் கிடைக்க எத்தனை நாள் ஆனது என்பதைப் பழைய பதிவேட்டிலிருந்து தேடி எடுப்பது அலுப்பான வேலைதான். ஆனால் அது இல்லாமல் 'வேகம் கூடியது' என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். நாள் கணக்கில் சராசரியை மட்டும் கொடுக்காதீர்கள். மிகத் தாமதமான விண்ணப்பங்கள் அதில் மறைந்துவிடும். நிராகரித்தவை எத்தனை, ஏன் என்பதையும் சேருங்கள். குறையை அளந்து திருத்திய துறைதான் என் கண்ணில் விருதுக்குத் தகுதியானது.

பளபளப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். பிரிட்டன் அரசின் கவ்.யூகே தளம் பெரும்பாலும் வெறும் எழுத்துதான். அதுவே 2013-ல் லண்டன் டிசைன் மியூசியத்தின் 'ஆண்டின் சிறந்த வடிவமைப்பு' விருதை வென்றது. தேடி வந்தது சட்டென்று கிடைத்ததுதான் அதன் அழகு.

அப்புறம், பார்வையற்றவர் திரைவாசிப்பானை (திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருள்) வைத்துக்கொண்டு யாருடைய துணையும் இல்லாமல் உங்கள் படிவத்தை முடிக்க முடியுமா? இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை நெறிமுறை (மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்துவதற்கான விதிகள்) 2.2 (2023) கையில் இருக்கட்டும். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது போன்ற, அளந்து பார்க்கக்கூடிய விதிகள் அதில் உண்டு. மென்பொருள் சோதனையோடு நிறுத்திவிடாமல், உண்மையான பயனாளர்களை உட்கார வைத்துப் பாருங்கள்.

எந்த விருது? ஐ.நா. பொதுச்சேவை விருதுகள் ஜூன் 23, பொதுச்சேவை நாளையொட்டி வழங்கப்படுபவை. தொழில்நுட்பத்தைவிட, விடுபட்டுப்போன மக்களுக்குச் சேவை எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதே அங்கே எடுபடும். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 2012 முதல் நடத்தும் டபிள்யூ.எஸ்.ஐ.எஸ். (தகவல் சமூகத்துக்கான உலக உச்சிமாநாடு) பரிசில் மின்னாளுகைக்கு, அதாவது அரசுச் சேவைகளை இணையவழி வழங்குவதற்கு, தனிப் பிரிவே இருக்கிறது. அதில் பொதுமக்கள் இணைய வாக்கெடுப்பு என்ற கட்டமும் உண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் ஐ.நா. மின்னாளுகை ஆய்வைச் சிலர் விருது என்று நினைக்கிறார்கள். அது 193 நாடுகளின் தரவரிசை, அதற்குத் துறைகள் விண்ணப்பிக்க முடியாது. பங்கேற்புக் கட்டணமும் விழா மேசைக்குத் தனிப் பணமும் கேட்கும் தனியார் விருதுகளைத் தவிர்த்துவிடுங்கள். மக்கள் பணத்தை அதில் போட வேண்டாம்.

விதிகள் அனுமதித்தால், நடுவர்கள் சேவைக்குள் நுழைந்து பார்க்க ஒரு சோதனைப் பயனர் கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள். அதற்கு முன் விலை குறைந்த கைபேசியில், மெதுவான இணைப்பில், முதல் பக்கத்திலிருந்து சான்றிதழ் வரை நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள்.